வெளுத்த பவளம் மறுபடி நிறம் பிடிப்பது எப்படி?

செவ்வாய் தோஷத்துக்கு நல்லது என்று யாரோ சொல்லி, என் அத்தை பத்துப் பதினைந்து வருடமாக ஒரு பவள மோதிரம் போட்டிருக்கிறார். தெற்கு ஆவணி மூல வீதியில் வாங்கியது. 2024 கோடையில் உலகம் முழுக்கப் பவளப்பாறைகள் வெளுக்கின்றன என்று டிவியில் செய்தி ஓடியபோது, மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏப்பா, கடல்ல கெடக்குற பவளமெல்லாம் வெளுத்துப் போகுதாம்ல. இதுவும் வெளுத்துருமா? வித்துட்டு வேற வாங்கிறவா?"

வீட்டில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் யாரிடமும் சரியான பதில் இல்லை. அதைத் தேடப் போய் நான் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். மதுரையில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவானேன் என்று நினைக்க வேண்டாம். ராமேஸ்வரம் பக்கமோ தூத்துக்குடி பக்கமோ ஒரு மூன்று மணி நேரம் போனால் மன்னார் வளைகுடா. அந்த இரண்டு ஊருக்கும் நடுவே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிலும் பவளப்பாறைகள். நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் பவளம் வேறெங்கும் கிடையாது.

முதலில் அத்தைக்குப் பதில். மோதிரப் பவளம் வேறு, பாறைப் பவளம் வேறு. நகைக்கடைச் செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில், வெளிச்சம் குறைந்த ஆழத்தில் வளர்வது. அதன் சிவப்பு எலும்பிலேயே ஊறியது. செய்தியில் வரும் வெளுப்பு அதற்கு வராது. மன்னார் வளைகுடாப் பவளத்தின் எலும்போ எப்போதுமே வெள்ளைதான். நாம் பார்க்கும் பழுப்பு, பச்சை, மஞ்சள், ஊதா எல்லாம் மேலே போர்த்திய மெல்லிய சதையிலும், அந்தச் சதைக்குள் குடியிருக்கும் பாசியிலும் இருக்கிற நிறம். அந்தக் குடித்தனம் காலியானால் உள்ளே இருக்கும் வெள்ளை எலும்பு தெரிகிறது. வெளுப்பு என்பது அவ்வளவுதான்.

காம்பவுண்டு வீடும் குடித்தனக்காரரும்

தனுஷ்கோடி போனவர்கள், 1964 புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவரைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். கற்களில் தேனடை மாதிரியும் மூளை மடிப்பு மாதிரியும் கோலங்கள் இருக்கும். சிற்பி செதுக்கியவை அல்ல அவை. அந்தக் கற்கள் ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பவளங்கள். தேனடையின் ஒவ்வொரு குழியிலும் ஒரு பூச்சி மாதிரியான பிராணி வாழ்ந்திருக்கிறது. அதற்கு பாலிப் என்று பெயர். பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். நடுவில் ஒரு வாய், வாயைச் சுற்றிலும் கைகள் மாதிரி மெல்லிய நீட்சிகள். தன் அடியில் தானே ஒரு சுண்ணாம்புக் கிண்ணத்தைக் கட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்திருக்கும்.

ஒரு பவளம் என்று நாம் சொல்வது ஆயிரக்கணக்கான பாலிப்புகள் சேர்ந்த கூட்டம். மதுரைக்காரர்களுக்குக் காம்பவுண்டு வீடு என்றால் உடனே புரியும். ஒரே வாசல், சுவருக்குச் சுவர் ஒட்டின குடும்பங்கள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு அடிபம்பு. பவளத்திலும் பாலிப்புகள் ஒன்றோடொன்று சதையால் ஒட்டியிருக்கும். ஒன்று சாப்பிட்டதில் பக்கத்துக்கும் பங்கு போகும்.

இந்த வீட்டில் இன்னொரு குடித்தனமும் உண்டு. பாலிப்பின் சதைக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள். ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சத்துக்கு மேல்கூட இருக்கும். செடிகளைப் போலவே வெயிலை வைத்துச் சர்க்கரை தயாரிப்பவை இவை. தயாரித்ததில் பெரும்பகுதியை வாடகையாக வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுகின்றன. பவளத்துக்குத் தேவையான சக்தியில் 90 சதவீதம் வரைகூட இந்த வழியில் வருகிறது. பதிலுக்குப் பவளம் கொடுப்பது தங்க இடம், தன் கழிவிலிருந்து உரம், மூச்சுவிட்ட கார்பன் டை ஆக்சைடு. சத்து அதிகமில்லாத தெளிந்த கடலில் இவ்வளவு பெரிய பாறைகள் எழுந்து நிற்பதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம்.

சரி, இந்த ஏற்பாடு எப்போது கெடுகிறது? கடல் நீர் அந்த இடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடி, அப்படியே சில வாரம் நின்றாலே போதும். கத்திரி வெயிலில் 40 டிகிரியையும் 41 டிகிரியையும் வித்தியாசம் தெரியாமல் கடந்துபோகிற நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் கடல் அவ்வளவு லேசில் சூடாகாது, சூடானால் அவ்வளவு லேசில் ஆறவும் செய்யாது. பவளமும் தாங்கும் எல்லையின் விளிம்பில்தான் எப்போதும் வாழ்கிறது.

சூடும் வெளிச்சமும் சேர்ந்து தாக்கும்போது பாசிக்குள் இருக்கும் சர்க்கரை தயாரிக்கும் இயந்திரம் பழுதாகி, சதையை அரிக்கக்கூடிய ஒருவகை ஆக்சிஜன் கசிய ஆரம்பிக்கிறது. குடித்தனக்காரர் வீட்டு அடுப்பில் கேஸ் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வைத்திருந்தால் வீடே எரிந்துவிடும், வெளியே அனுப்பினால் தன் சோறும் போகும், ஏனென்றால் அந்த அடுப்பில்தான் இருவருக்கும் சமையல். பவளம் வெளியே அனுப்பிவிடுகிறது.

சில பவளங்கள் வெளுக்கும் முன் பளீரென்று ஊதா, இளநீலம், கிளிப்பச்சை என்று மின்னும். சித்திரைப் பொருட்காட்சி விளக்குகள் மாதிரி இருக்கும். பார்க்க அழகுதான், ஆனால் அது ஆரோக்கியத்தின் அறிகுறி இல்லை. வெயிலிலிருந்து தப்பிக்கப் பவளம் தானே சுரக்கும் நிறமி அது, ஒருவகை வெயில் பூச்சு.

எத்தனை டிகிரி, எத்தனை வாரம் என்ற கணக்கைச் சேர்த்துப் பார்க்க ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். வழக்கமான உச்சத்துக்கு மேல் 1 டிகிரி, 4 வாரம் என்றால் 4. 2 டிகிரி, 2 வாரம் என்றாலும் 4. அமெரிக்க அரசின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா செயற்கைக்கோள் மூலம் இதை உலகக் கடல்களுக்கெல்லாம் கணக்கிட்டு வெளியிடுகிறது. எண் 4-ஐத் தாண்டினால் கணிசமான வெளுப்பு, 8-ஐத் தாண்டினால் பரவலான சாவு என்று எதிர்பார்க்கலாம். காய்ச்சலுக்கும் நாம் அப்படித்தானே பார்க்கிறோம். ஒரு ராத்திரி 103 அடித்தது வேறு, இருபது நாள் 100-க்குக் கீழே இறங்காதது வேறு.

வெளுத்ததெல்லாம் சாவு இல்லை

வெளுத்ததெல்லாம் பாலில்லை என்பார்கள். வெளுத்ததெல்லாம் சாவும் இல்லை. பத்திரிகைகள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் இது. "பவளப்பாறைகள் அழிந்தன" என்று தலைப்பு போட்டு, கீழே வெள்ளையான படம் போடுகிறார்கள். அந்தப் படத்தில் இருக்கும் பவளம் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். கண்ணாடி மாதிரியான சதை எலும்பின் மேல் இன்னும் போர்த்தியிருக்கும். பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான். உண்மையிலேயே செத்த பவளம் வெகுநாள் வெள்ளையாக இருக்காது. சில நாட்களிலேயே அதன் மேல் பச்சையும் பழுப்புமாகப் பாசி படிய ஆரம்பித்துவிடும்.

இந்தப் பட்டினியை எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பது பவளத்துக்குப் பவளம் மாறும். கிளை கிளையாக மான்கொம்பு போல வளரும் அக்ரோபோரா வகைக்குச் சதை மெலிது, முதலில் விழுவது அதுதான். உருண்டைப் பாறை போல வளரும் போரைட்டஸ் வகைக்குச் சதை தடிமன், குழிக்குள் ஆழமாகவும் இறங்கியிருக்கும். வெளுத்தாலும் அது நின்று சமாளிக்கும். சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்துச் சாப்பிடும். ராத்திரியில் கைகளை நீட்டி, மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும். சில வகைகள் வெளுத்த காலத்தில் இந்த வேட்டையை வழக்கத்தைவிட அதிகமாக்கிக்கொள்வதையும் பார்த்திருக்கிறார்கள். வாடகை நின்றுபோன வீட்டுக்காரர் வெளியே வேலை தேடிப் போகிறார்.

நீர் குளிர்ந்தால் நிறம் திரும்பும். மன்னார் வளைகுடாவில் சித்திரை, வைகாசி மாதங்கள்தான் ஆபத்தான காலம். பிறகு தென்மேற்குக் காற்று வலுக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அதே காற்று கடலைக் கலக்கிவிட்டு மேல்நீரின் சூட்டைத் தணிக்கிறது. பவளம் தன் பாசியை முழுக்கத் துடைத்து வெளியேற்றியிருக்காது. சதையின் மூலைகளில், நிழல் பட்ட அடிப்பக்கத்தில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அவை பெருகும், கடல் நீரில் திரியும் பாசிகளும் கொஞ்சம் உள்ளே வந்து குடியேறலாம். சில வாரத்தில் வெளிர் மஞ்சள், சில மாதத்தில் பழைய பழுப்பு. எந்த மனிதக் கையும் படாமல் நடக்கிற காரியம் இது.

நிறம் திரும்பிவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நினைத்துவிடக் கூடாது. சிக்குன்குனியா வந்துபோன வீடுகளுக்கு இது தெரியும். காய்ச்சல் சில நாளில் போய்விடும், மூட்டுவலி மாதக்கணக்கில் படிக்கட்டு ஏறவிடாது. வெளுத்து மீண்ட பவளமும் அப்படித்தான். வளர்ச்சி மந்தமாகும், நோய் எளிதாகத் தொற்றும், அடுத்த ஓரிரு வருடம் முட்டையிடுவதும் குறையும். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

சில பவளங்கள் இந்தச் சந்தர்ப்பத்தில் குடித்தனக்காரரையே மாற்றிக்கொள்கின்றன. டுருஸ்டினியம் என்று ஒரு பாசி இனம் இருக்கிறது. அது குடியேறிய பவளம் கூடுதலாக 1 முதல் 1.5 டிகிரி வரை தாங்குகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அது கொடுக்கும் வாடகை குறைவு, அதனால் பவளத்தின் வளர்ச்சியும் குறைகிறது. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய நம்பிக்கை வந்தது, அப்புறம் யோசித்ததில் பாதி இறங்கியது. ஒன்றரை டிகிரி என்பது அவகாசம்தான், விடுதலை இல்லை.

செத்துப்போனால்?

சூடு நீடித்தால் பாலிப்புகள் செத்துப்போகின்றன. இதிலிருந்து மீள்வது முற்றிலும் வேறு கதை. முன்னது நோயாளி தேறுவது, இது ஒரு ஊர் காலியாகி மறுபடி ஜனம் ஏறுவது. முன்னதற்கு மாதங்கள் போதும், இதற்குப் பத்து வருடம் என்பது நல்லபடி நடந்தால் ஆகிற கணக்கு.

சாவிலும் பாதிச் சாவு உண்டு. ஒரு பெரிய உருண்டைப் பவளத்தில் மேல்பக்கம் முழுக்கச் செத்து, பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு உயிர் மிஞ்சியிருக்கும். மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். வலையங்குளம், எலியார்பத்தி பக்கம் கவாத்து பண்ணிய பிறகு தோட்டத்தைப் பார்த்தால் வெறும் குச்சிகளாக, இனி இதில் என்ன பூக்கப்போகிறது என்று தோன்றும். சில மாதம் கழித்து அதே செடியின் பூ மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு வந்துவிடும். பவளத்தில் மிஞ்சிய துண்டும் அதுபோல விளிம்பிலிருந்து செத்த எலும்பின் மேல் ஊர்ந்து பழைய இடத்தைத் திரும்பப் பிடிக்கும். பாசி முந்திக்கொள்ளாமல் இருந்தால்.

அந்தப் பாசி பெரிய வில்லன். உள்ளே குடியிருந்த நுண்பாசி இல்லை, வெளியே புல் மாதிரி, இலை மாதிரி வளர்கிற கடற்பாசி. நம் கண்மாய்களில் சீமைக்கருவேலம் பண்ணுகிற வேலையை அது பண்ணும். தண்ணீர் இல்லாத இரண்டு வருடத்தில் கண்மாய்க்குள் கருவேலம் வேர்விட்டுவிட்டால், அப்புறம் மழை பெய்தாலும் பழைய கண்மாய் திரும்புவதில்லை. எலும்பின் மேல் பாசி அடர்ந்துவிட்டால் பவளக் குஞ்சுக்கு உட்கார இடம் கிடையாது. மன்னார் வளைகுடாவில் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு. மண்டபம் பக்கம் வருமானத்துக்காக வளர்க்கப்பட்ட ஒரு வெளிநாட்டுப் பாசி, கடலோரப் பெண்கள் 'பெப்சி பாசி' என்று சொல்வது, குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களின் மேலேயே படர்ந்திருப்பதாக 2008-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

பாசியை மேய ஆள் வேண்டும். அதற்குத்தான் கிளிமீனும் ஒரா மீனும் கடல் முள்ளெலிகளும். (ஆடு மேய்கிற மாதிரி என்று சொல்ல ஆசைதான், ஆனால் கருவேல விஷயத்தில் ஆடு நெற்றைத் தின்று விதையைப் பரப்பிவிடுகிறது, உவமை உதைக்கும்.) ஒரா மீனைக் கரிமேட்டில் வாங்கி ஆய்ந்தவர்களுக்கு அதன் முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று தெரியும். அந்த மீன் கடலில் நாள் முழுக்கப் பாறையைக் கொறித்துச் சுத்தப்படுத்துகிறது. இந்த மீன்களை ஒட்ட வாரிப் பிடித்துவிட்ட கடலில், வெளுப்புக்குப் பிறகு பாசியைத் தடுக்க ஆளே இருக்காது. கடல் சூடாவதற்கும் மீன்பிடி வலைக்கும் என்ன சம்பந்தம் என்றால், இந்தச் சம்பந்தம்தான்.

சுத்தமான பாறையில் ஒருவித இளஞ்சிவப்புப் பூச்சு படரும். யாரோ காவி கலந்த சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். அதுவும் ஒரு பாசிதான், ஆனால் கல் மாதிரி இறுகும் பாசி, பவளத்துக்கு நண்பன். அதன் வாசனையை, அதாவது அது கசியவிடும் வேதிப்பொருளை, உணர்ந்துதான் பல பவளக் குஞ்சுகள் இங்கே இறங்கலாம் என்று முடிவுசெய்கின்றன.

குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன? பல பவளங்கள் வருடத்தில் ஒரு சில ராத்திரிகளில் ஒன்றாக முட்டையையும் விந்தையும் நீரில் விடும். மன்னார் வளைகுடாவில் அக்ரோபோரா வகைகள் மார்ச் மாதம், பௌர்ணமியை ஒட்டி முட்டையிடுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு ஒரு பௌர்ணமி முன்னால் என்று நான் ஞாபகம் வைத்திருக்கிறேன். மேலே மிதந்து கருவாகி, சில நாளோ சில வாரமோ நீரோட்டத்தோடு அலைந்து, இடம் பிடித்து ஒட்டும்போது குஞ்சு ஒரு மில்லிமீட்டர் அளவு. முதல் வருடத்தில் பெரும்பாலானவை செத்துப்போகும். தப்பியது பெரிதாகித் தானே முட்டையிட மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும், அதற்கு மேலும் ஆகலாம். கிளைவகைகள் வருடத்துக்கு 10 சென்டிமீட்டர்கூட நீளும். உருண்டை வகை போரைட்டஸோ வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். ஒரு ஆள் உயரப் போரைட்டஸ் செத்துவிட்டது என்றால், நம் பாட்டனுக்குப் பாட்டன் காலத்துப் பொருள் போய்விட்டது என்று பொருள்.

தாய்ப்பவளமே குறைந்துவிட்டால் குஞ்சு ஏது? முன்பு மனதில் வைக்கச் சொன்னது இங்கேதான் வருகிறது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் 2016, 2017 என்று அடுத்தடுத்து வெளுத்ததும், புதிதாக வந்து ஒட்டும் குஞ்சுகளின் எண்ணிக்கை முந்தைய அளவைவிட 89 சதவீதம் குறைந்தது.

முட்டை தவிர இன்னொரு வழி, பதியன். மதுரை மல்லிக்குக் கன்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப்பாருங்கள், தங்கச்சிமடம் பக்கம் என்பார்கள். ராமேஸ்வரம் தீவின் மணலில் குச்சியை ஊன்றி வேர்விடவைத்து அனுப்புகிறார்கள். அதே தீவைச் சுற்றிய கடலில் பவளமும் அப்படிப் பரவும். புயலில் ஒடிந்த கிளை உருண்டுபோய் ஒரு கல்லிடுக்கில் சிக்கினால் அங்கேயே ஒட்டி வளரும். இதைப் பார்த்துத்தான் மனிதர்களும் செய்கிறார்கள். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2000-களின் தொடக்கத்திலிருந்து பவளத் துண்டுகளைச் சிமெண்ட் அடித்தளங்களில் கட்டி வளர்த்து நட்டுவருகிறது. அலையில் கரைந்துகொண்டிருந்த வான் தீவின் முன்னால் சிமெண்டில் செய்த செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் நட்டு முடித்த பரப்பை வளைகுடாவின் பரப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். நட்டதும் அடுத்த சூட்டில் வெளுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முறிந்த இடத்துக்குக் கட்டுப்போடலாம், ஊருக்கே காய்ச்சல் அடிப்பதை நிறுத்த முடியாது.

மீண்டவையும் மீளாதவையும்

மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அப்பால் நடுக்கடலில் ஸ்காட் ரீஃப் என்று ஒரு பவளத்திட்டு. அடுத்த பவளப்பாறைக்கு அங்கிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல். 1998 வெளுப்பில் அங்கே 70 முதல் 90 சதவீதம் பவளம் செத்தது. வெளியிலிருந்து குஞ்சு வர வழியில்லாததால் இனி எழாது என்றே பலரும் நினைத்தார்கள். முதல் ஆறு வருடம் புதுக் குஞ்சுகள் அரிதாகத்தான் இருந்தன. ஆனால் மிஞ்சிய துண்டுகள் சத்தமில்லாமல் பெரிதாகிக்கொண்டிருந்தன. அவை முட்டையிடும் அளவுக்கு வளர்ந்ததும் ஆட்டம் மாறியது. 12 வருடத்தில் உயிர்ப்பவளம் 9 சதவீதத்திலிருந்து 44 சதவீதத்துக்கு ஏறி, பழைய நிலையைத் தொட்டது. ஏன் முடிந்தது? தண்ணீர் சுத்தம், பாசி மேயும் மீன்கள் ஏராளம். ஒதுங்கியிருந்ததே அதற்கு உதவியிருக்கிறது. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். 2016-இல் அது மறுபடி கடுமையாக வெளுத்தது என்ற பின்பாதியையும் சொல்லியாக வேண்டும்.

சீஷெல்ஸ் தீவுகளில் அதே 1998-இல் உயிர்ப்பவளம் 90 சதவீதத்துக்கு மேல் போனது. பின்னால் ஆராய்ந்த 21 பாறைகளில் 12 மீண்டன, 9 பாசிக்காடாகவே மாறிவிட்டன. ஒரே கடல், ஒரே சூடு, ஏன் இந்த வித்தியாசம்? சற்று ஆழமாக இருந்தவையும், மேடு பள்ளமும் இண்டு இடுக்குமாக நின்றவையும் மீள வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. எலும்புக்கூடு நொறுங்காமல் நின்றால் மீனுக்கு ஒளிய இடம், குஞ்சுக்கு ஒட்ட இடம். நொறுங்கிச் சல்லியாகிவிட்டால் அலையில் உருளும் சல்லி வந்த குஞ்சையும் அரைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. "பவளப் பரப்பு இத்தனை சதவீதம் கூடிவிட்டது" என்ற செய்தியைப் பார்த்ததும் முழுக்க மகிழ்ந்துவிட வேண்டாம். கிரேட் பேரியர் ரீஃபின் வடக்கு, நடுப் பகுதிகளில் 2022-இல் 36 வருடத்தில் இல்லாத அளவுக்கு உயிர்ப்பவளம் பதிவானது. ஏறியதில் பெரும்பகுதி வேகமாக வளரும் அக்ரோபோரா. வேகமாக வளர்வதும் அதுதான், அடுத்த சூட்டில் முதலில் விழுவதும் அதுதான். 2024-இல் பெரும் வெளுப்பு வந்தது, 2025 அறிக்கையில் பரப்பு சரிந்திருந்தது. மெதுவாக வளர்கிற பழைய பெருமரங்கள் போய், மழைக்கு முளைத்த செடிகளால் பச்சையாகத் தெரிகிற மலையடிவாரம் மாதிரி.

நம் பக்கத்துக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் 117 வகைக் கற்பவளங்கள் பதிவாகியிருக்கின்றன. 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை உடைத்து எடுப்பது வெகுகாலம் நிற்கவில்லை. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து, பவளத்தையும் வைத்தார்கள். உடைப்பு அடங்கியது, சூடு அடங்கவில்லை. 1998, 2010, 2016 ஆகிய வருடங்களில் பெரிய வெளுப்புகள். 2016-க்கு முன் சுமார் 39 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு அந்த வருடம் முடிவதற்குள் சுமார் 23 சதவீதமாகிவிட்டது. பெரும்பாலும் போனவை கிளைவகைகள், நின்றவை உருண்டைவகைகள். மேற்கே லட்சத்தீவில் 1998-க்கும் 2022-க்கும் இடையில் பவளப் பரப்பு ஏறக்குறைய பாதியாகிவிட்டதாக ஒரு நீண்டகால ஆய்வு சொல்கிறது.

இந்த வருடங்களை வரிசையாகப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். 1980-களின் தொடக்கத்தில் ஒரே பாறை கடுமையாக வெளுப்பது 25, 30 வருடத்துக்கு ஒருமுறை நடந்தது. 2016 வாக்கில் அந்த இடைவெளி சராசரியாக 6 வருடமாகக் குறைந்திருந்தது. ஸ்காட் ரீஃபுக்குத் தேவைப்பட்டது 12 வருடம். பவளத்துக்கு மீளத் தெரியாமல் இல்லை. பல பெரும் அழிவுகளைத் தாண்டி, கோடிக்கணக்கான வருடங்களாகப் பவளப்பாறைகள் இந்தப் பூமியில் எழுந்தும் விழுந்தும் வந்திருக்கின்றன. கண்மாய் நிறைவதற்குள் அடுத்த பஞ்சம் வந்துவிடுகிறது, அதுதான் சிக்கல். பூமியின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரி கூடினால் வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் போகும், 2 டிகிரி என்றால் 99 சதவீதத்துக்கு மேல் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2018-இல் கணக்கிட்டது.

இடைவெளியை நீட்டுவது ஊர் உலகமெல்லாம் சேர்ந்து செய்ய வேண்டியது. மீள்வதை வேகப்படுத்துவதில் உள்ளூருக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது: பாசி மேயும் மீன்களை விட்டுவைப்பது, சாக்கடையும் உரமும் கடலுக்குப் போய்ப் பாசிக்குத் தீனியாகாமல் பார்ப்பது, பவளத்தின் மேல் நங்கூரம் போடாதிருப்பது. வைகை கடலைத் தொடுவதே அபூர்வம். தொட்டால் ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம், பாக் விரிகுடாவில். செல்லூரில் நாம் ஆற்றில் விடுவது அங்கே போய்ச் சேரும் அளவுக்கு ஆற்றில் தண்ணீர் ஓடுவதில்லை என்பது ஒரு விநோதமான ஆறுதல்.

அத்தையை ஒரு வைகாசியில் படகில் கூட்டிப்போனோம். அடியில் கண்ணாடி வைத்த படகு. ஏறும்போதே மோதிரத்தைக் கழற்றிப் பர்சில் வைத்துக்கொண்டார், கடலில் விழுந்துவிடுமாம். அரை மணி நேரம் குனிந்தபடியே பார்த்துக்கொண்டு வந்தவர், திடீரென்று கையை நீட்டினார். கண்ணாடிக்குக் கீழே, சாணிப் பழுப்பு நிறப் பவளங்களுக்கு நடுவே, முட்டைக்கோஸ் மாதிரி ஒன்று வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ஏப்பா, இது உசுரோட இருக்கா, இல்லையா?"

நான் சதை, பாலிப், பாசி என்று ஆரம்பித்தேன். படகுக்காரர் என்ஜினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "இப்பச் சொல்ல முடியாதும்மா. ஆடி கழியட்டும், வந்து பாருங்க. பழுப்பேறியிருந்தா பொழச்சிருச்சு. பச்சை புடிச்சிருந்தா இல்ல."